வேர்ட்பிரஸ் அப்டேட்: எதை உடனே போடுவது, எதைத் தள்ளிப்போடுவது, எப்போது தளத்தையே மாற்றுவது

உங்கள் கடைக்கோ பள்ளிக்கோ ஊர்ச் சங்கத்துக்கோ வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் ஓடும் ஒரு தளம் இருக்கிறது. செய்து கொடுத்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். தளத்தின் நிர்வாகப் பக்கமான டேஷ்போர்டைத் திறந்தால் அப்டேட் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஓர் எண், மாதாமாதம் ஏறிக்கொண்டே போகிறது. அழுத்தினால் தளம் உடைந்துவிடுமோ என்று பயம். அழுத்தாவிட்டால் எவனாவது உள்ளே புகுந்துவிடுவானோ என்று இன்னொரு பயம். யாரோ செய்து விட்டுப்போன தளத்தை ஏற்று, இந்த இரண்டு பயத்தோடும் மல்லுக்கட்டி மீண்டவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்டேட்டில் வகைகள் உண்டு, வகைக்கு ஒரு பதில் உண்டு. சிலவற்றை அன்றைக்கே போட வேண்டும், சிலவற்றை சில வாரம் தள்ளலாம். ‘ஓடுகிற தளத்தைத் தொடுவானேன்’ என்று காலவரையின்றி விட்டுவைப்பது மட்டும் எந்த வகைக்கும் சரிவராது. பார்த்துக்கொள்ள ஆளே இல்லை என்றால் அதற்கும் வழி இருக்கிறது, எட்டாவது படியில் பாருங்கள்.

1. சாவிகளும் ரசீதுகளும் யார் கையில்?

அப்டேட் பக்கத்துக்குப் போகுமுன் இவற்றை ஒரு தாளில் எழுதுங்கள்:

- டொமைன் (தளத்தின் இணைய முகவரி) எந்த நிறுவனத்தில், யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது, என்று காலாவதியாகிறது
- ஹோஸ்டிங் லாகின், அதாவது உங்கள் தளத்துக்குச் சர்வரில் இடம் தரும் நிறுவனத்தின் கணக்கு. வேர்ட்பிரஸ் லாகின் வேறு, இது வேறு. தளம் உடைந்தால் கைகொடுப்பது இதுதான்
- வேர்ட்பிரஸில் நிர்வாகி உரிமை உள்ள கணக்குகள் எத்தனை, யாருடையவை
- காசு கொடுத்து வாங்கிய தீம் (தளத்தின் தோற்றம்), பிளகின்கள் (கூடுதல் வசதி தரும் நிரல்கள்) ஆகியவற்றின் லைசென்ஸ் கீயும் ரசீதும்

கடைசி வரியில்தான் பெரும்பாலான இடங்களில் முட்டும். தளம் செய்து கொடுப்பவர்கள் பல தளங்களுக்குச் செல்லும் ஒரே லைசென்ஸை வாங்கி, எல்லா வாடிக்கையாளர்களுக்கும் அதையே போட்டிருப்பார்கள். அது தவறில்லை. ஆனால் அவர் புதுப்பிப்பதை நிறுத்திய நாளிலிருந்து உங்கள் பிளகினுக்கும் அப்டேட் நின்றுவிடும். பேசும் நிலையில் உறவு இருக்கும்போதே எது யாருடைய லைசென்ஸ் என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அப்புறம் அமைப்புகளில் ‘பொது’ பக்கத்துக்குப் போய் நிர்வாகி மின்னஞ்சல் எது என்று பாருங்கள். பழைய ஆளின் முகவரியே இருந்தால் இன்றே மாற்றுங்கள். தளம் சாயும்போது வேர்ட்பிரஸ் உதவிக் கடிதம் அனுப்புவது அந்த முகவரிக்குத்தான். மாற்றியதும் புதிய முகவரிக்கு ஓர் உறுதிப்படுத்தும் மடல் வரும், அதிலுள்ள இணைப்பை அழுத்தினால்தான் மாற்றம் நடப்புக்கு வரும். பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

2. பேக்கப் எடுங்கள், திருப்பிப் போட்டும் பாருங்கள்

வேர்ட்பிரஸ் தளம் இரண்டு பாகம். படங்கள், தீம், பிளகின் எல்லாம் கோப்புகளாக இருக்கின்றன. எழுதிய பதிவுகள், ஆர்டர்கள், அமைப்புகள் டேட்டாபேஸில் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்தால்தான் பேக்கப். வேர்ட்பிரஸுக்குள்ளேயே இருக்கும் ‘ஏற்றுமதி’ வசதி பேக்கப் ஆகாது, அது பதிவுகளின் எழுத்தை மட்டும் எடுத்துத் தரும்.

அப்டிராஃப்ட்பிளஸ் போன்ற இலவசப் பிளகினே போதும். கூகுள் டிரைவிலோ உங்கள் கணினியிலோ ஒரு பிரதி இருக்க வேண்டும். அதே சர்வரில் மட்டும் வைத்தால், சர்வர் போகும்போது பேக்கப்பும் கூடவே போகும். ஹோஸ்டிங் நிறுவனம் தானே தினமும் எடுப்பதாகச் சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், திருப்பித் தரக் கட்டணம் உண்டா, கோப்பும் டேட்டாபேஸும் இரண்டுமே உண்டா?

இனி, ஒரு சப்டொமைனில் (உங்கள் தள முகவரிக்கு முன்னால் ஒரு சொல் சேர்த்த துணை முகவரியில்) அந்தப் பேக்கப்பை விரித்துப் பாருங்கள். பல ஹோஸ்டிங்கில் ‘ஸ்டேஜிங்’ என்ற பெயரில் ஒரே பட்டனில் தளத்தின் நகலைச் செய்து தருவார்கள். அது இருந்தால் வேலை எளிது, அப்டேட்டை முதலில் அங்கே போட்டுப் பார்த்துவிடலாம். இல்லாவிட்டால் கையால் செய்யுங்கள், ஒரு மாலை நேரம் பிடிக்கும்.

தமிழ்த் தளம் வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. பல வருடத்துக்கு முன் தொடங்கிய தளங்களில் டேட்டாபேஸின் எழுத்துக் குறியீடு லத்தீன்-1 என்று இருக்கும், உள்ளே உட்கார்ந்திருப்பது யூனிகோடு தமிழாக இருக்கும். தளத்தில் பார்க்கும்போது ஒரு குறையும் தெரியாது. டேட்டாபேஸை இறக்கி வேறிடத்தில் ஏற்றும்போதுதான் எல்லாப் பதிவும் கேள்விக்குறி வரிசையாகவோ, புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துக் குப்பையாகவோ மாறி நிற்கும். எழுத்துக் குப்பை என்றால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். கேள்விக்குறியாகவே சேமிக்கப்பட்டுவிட்டால் அந்தப் பிரதி போனதுதான். அசல் தளம் உயிரோடு இருக்கும்போதே இது தெரிந்துவிட வேண்டும்.

3. வந்திருக்கும் அப்டேட் எந்த வகை?

முடிவெடுக்கும் இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள்.

வேர்ட்பிரஸின் சிறு வெளியீடு. 6.8-லிருந்து 6.8.1 என்பதுபோல மூன்றாவது எண் மாறும். பாதுகாப்புத் திருத்தமும் பிழைத் திருத்தமும்தான் இதில் இருக்கும். யோசிக்கவே வேண்டாம், அன்றைக்கே போடுங்கள். 2013-இல் வந்த 3.7 முதல் வேர்ட்பிரஸ் இவற்றைத் தானாகவே போட்டுக்கொள்கிறது. உங்கள் தளத்தில் போட்டுக்கொள்ளவில்லை என்றால் முன்பு யாரோ அதை நிறுத்தி வைத்திருக்கக்கூடும், திறந்துவிடுங்கள். ஆட்களே வராத தளத்தில் தானியங்கி அப்டேட் தாமதமாகலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வேர்ட்பிரஸின் நேர அட்டவணை, யாராவது பக்கத்தைத் திறக்கும்போதுதான் ஓடும்.

ஏன் இத்தனை அவசரம்? திருத்தம் வெளியான நிமிடத்தில் ஓட்டை எங்கே இருந்தது என்பதும் வெளியாகிவிடுகிறது. பழைய கோப்பையும் புதிய கோப்பையும் ஒப்பிட்டால் போதும். 2017 ஜனவரி 26 அன்று வேர்ட்பிரஸ் 4.7.2 வந்தது. அதில் அடைத்த ஒரு பெரிய ஓட்டையைப் பற்றி சில நாள் வாய் திறக்காமல் இருந்து, பிப்ரவரி தொடக்கத்தில்தான் அறிவித்தார்கள். தானாக அப்டேட் ஆன தளங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகாத தளங்களில் லட்சக்கணக்கான பக்கங்களை அடுத்தடுத்த நாட்களில் அழித்து எழுதினார்கள். ட்ரூபல் என்ற இன்னொரு தள மென்பொருளின் கதை இன்னும் மோசம். 2014 அக்டோபர் 15 அன்று ஒரு திருத்தம் வந்தது. ஏழு மணி நேரத்துக்குள் போடாத தளங்கள் பறிபோய்விட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்று ட்ரூபல் பாதுகாப்புக் குழுவே பிறகு அறிவித்தது. நம் தளத்தில் திருட என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: தேடி வருவது மனிதன் அல்ல, நிரல். அதற்குக் கடை சின்னதா பெரிதா என்று தெரியாது. உங்கள் சர்வரிலிருந்து குப்பை மின்னஞ்சல் அனுப்ப முடிந்தாலே அதற்கு லாபம்.

வேர்ட்பிரஸின் பெரு வெளியீடு. 6.7-லிருந்து 6.8 என்பது பார்க்கச் சின்ன மாற்றம்போல இருக்கும். வேர்ட்பிரஸ் கணக்கில் அது பெரு வெளியீடு. 6.9-லிருந்து 7.0 போவதும் அதே அளவுதான், முதல் எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். இதைச் சில வாரம் தள்ளுவது நியாயம். 2020 ஆகஸ்டில் 5.5 வந்தபோது ஜேகொயரி மைக்ரேட் என்ற பழைய துணை நிரலை எடுத்துவிட்டார்கள். அதை நம்பியிருந்த பழைய தீம்களில் மெனு திறக்கவில்லை, படச் சுழற்சி நின்றுபோனது. கடைசியில் அதைத் திருப்பிக் கொண்டுவரத் தனியாக ஒரு பிளகினே விட வேண்டியதாயிற்று. அதனால் முதல் திருத்த வெளியீடு, அதாவது புள்ளி ஒன்று வரட்டும் என்று காத்திருப்பது என் வழக்கம். வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். பழைய பதிப்புகளுக்குப் பாதுகாப்புத் திருத்தம் தருவதை வேர்ட்பிரஸ் படிப்படியாக நிறுத்துகிறது. 2022 டிசம்பரில் 3.7 முதல் 4.0 வரையிலானவற்றுக்கு நிறுத்தினார்கள், 2025-இல் 4.1 முதல் 4.6 வரை.

பிளகினும் தீமும். ஓட்டைகளில் பெரும்பங்கு இங்கேதான். பிளகின் பெயருக்குக் கீழே ‘பதிப்பு விவரம்’ என்ற இணைப்பைத் திறந்து மாற்றப் பட்டியலை வாசியுங்கள். அதில் பாதுகாப்பு என்ற சொல் இருந்தால் அன்றே. இல்லாவிட்டால் வாரத்தில் ஒரு நாள் வைத்து மொத்தமாகப் போடலாம். 5.5 முதல் ஒவ்வொரு பிளகினுக்கும் தானியங்கி அப்டேட்டைத் தனித்தனியாகத் திறக்கலாம். 2024-இல் வந்த 6.6 முதல், தானாகப் போட்ட பிளகின் தளத்தைச் சாய்த்தால் பழைய பதிப்புக்கே திரும்பிவிடும். ஆகவே சின்னச் சின்னப் பிளகின்களுக்கெல்லாம் அதைத் திறந்து வைத்துவிடுங்கள். கடைப் பிளகின், பக்கம் கட்டும் பிளகின், உறுப்பினர் பிளகின் ஆகிய கனமானவற்றை மட்டும் கையால் போடுங்கள்.

பிஎச்பி. இது வேர்ட்பிரஸுக்கு அடியில் ஓடும் மொழி, ஹோஸ்டிங் பக்கத்தில் மாற்ற வேண்டியது. இதற்கு நாள்காட்டி உண்டு. 7.4-க்கான ஆதரவு 2022 நவம்பரிலும் 8.0-க்கானது 2023 நவம்பரிலும் முடிந்துவிட்டது. 8.1-க்கு 2025 டிசம்பர் 31, 8.2-க்கு 2026 டிசம்பர் 31, 8.3-க்கு 2027 டிசம்பர் 31. வரிசை முக்கியம்: முதலில் பிளகின், தீம், வேர்ட்பிரஸ் மூன்றையும் புதிதாக்கிவிட்டு, கடைசியில் பிஎச்பியை ஏற்றுங்கள். தலைகீழாகச் செய்தால் வெள்ளைத் திரைதான். இன்னொன்று, பல ஹோஸ்டிங்கில் ஒவ்வொரு பிஎச்பி பதிப்புக்கும் துணை நீட்சிகளைத் தனித்தனியாக ‘டிக்’ செய்ய வேண்டும். புதிய பதிப்பில் எம்பிஸ்ட்ரிங் என்ற நீட்சி டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். தமிழ் எழுத்தை வெட்டி ஒட்டும் பிளகின்கள் பல அதை நம்பியிருக்கின்றன.

4. ‘எல்லாம் புதிதாக இருக்கிறது’ என்று டேஷ்போர்டு சொன்னாலும்

வட்டத்தில் எண் இல்லை என்றால் நிம்மதி என்று நினைக்காதீர்கள். மூன்று விஷயங்கள் அங்கே தெரியாது.

லைசென்ஸ் காலாவதியான கட்டணப் பிளகின் பல நேரம் அப்டேட் வந்திருப்பதையே காட்டாது. தீமோடு சேர்த்து வந்த பிளகின்களும் அப்படித்தான். தீம் செய்தவர் புதிய தீம் பதிப்பில் சேர்த்துத் தரும்வரை அவை பழையதாகவே கிடக்கும். 2014-இல் ஸ்லைடர் ரெவல்யூஷன் என்ற பிளகினின் ஓட்டையால் ஏராளமான தளங்கள் பறிபோனதற்கு இதுதான் முக்கியக் காரணம். அது தங்கள் தீமுக்குள் இருந்தது என்பதே பலருக்குத் தெரியாது.

மூன்றாவது, கைவிடப்பட்ட பிளகின். பிளகின்களை இறக்கிக்கொள்ளும் வேர்ட்பிரஸ் கிடங்கிலிருந்து ஒன்றை நீக்கிவிட்டால் உங்கள் டேஷ்போர்டில் எச்சரிக்கை எதுவும் வராது, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு பிளகினின் கிடங்குப் பக்கத்தையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பதைத் தவிர வழியில்லை. மூடப்பட்டது என்றிருந்தால் மாற்றுத் தேடுங்கள். அண்மைய மூன்று பெரு வெளியீடுகளில் சோதிக்கப்படவில்லை என்ற மஞ்சள் பட்டை இருந்தால் தேடத் தொடங்குங்கள்.

அப்டேட்டே விஷமாக வருவதும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. டிஸ்பிளே விட்ஜெட்ஸ் என்ற பிளகின் சுமார் 2 லட்சம் தளங்களில் இருந்தது. 2017-இல் அதை விலைக்கு வாங்கியவர்கள் அப்டேட் வழியாகவே பின்கதவு வைத்தார்கள். இதைக் காட்டி அப்டேட்டே போடாமல் இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். என் பார்வையில் அதற்கு மருந்து பிளகின்களைக் குறைப்பதுதான். 2020 செப்டம்பரில் ஃபைல் மேனேஜர் என்ற பிளகினின் ஓட்டை வெளியானபோது அது 7 லட்சம் தளங்களில் இருந்தது. அது செய்யும் வேலையை ஹோஸ்டிங் பேனலிலேயே செய்துகொள்ளலாம்! பயன்படுத்தாத பிளகினை முடக்கி வைப்பதும் போதாது, நீக்குங்கள். முடக்கினாலும் கோப்பு சர்வரில் இருக்கிறதே.

திருட்டுப் பதிப்பு பிளகின், தீம் எதுவும் இருந்தால் அதைப் பற்றி யோசனையே வேண்டாம், முதல் வேலையாக எடுங்கள்.

5. போடுமுன் இந்த இரண்டையும் பாருங்கள்

முதலாவது, தீமுக்குள் யாராவது கைவைத்திருக்கிறார்களா? பக்கத்தின் அடிப்பகுதியான ஃபூட்டரில் கடை முகவரியைத் தீம் கோப்பிலேயே எழுதியிருந்தால் அப்டேட்டோடு அது போய்விடும். அதே பதிப்புத் தீமைப் புதிதாக இறக்கி, தளத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் சைல்டு தீம் (அசல் தீமின் அப்டேட் தொடாத துணைத் தீம்) ஒன்று செய்து மாற்றங்களை அங்கே நகர்த்திய பிறகே அப்டேட்.

இரண்டாவது, தமிழாக்கம். ‘கூடையில் சேர்’, ‘மேலும் படிக்க’ போன்றவற்றை லோகோ டிரான்ஸ்லேட் என்ற பிளகினை வைத்துத் தமிழாக்கியிருந்தால், அந்தக் கோப்பு எங்கே சேமிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பிளகினின் சொந்தக் கோப்புறைக்குள் இருந்தால் அடுத்த அப்டேட்டில் அத்தனையும் ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடும். லோகோவின் தனிக் கோப்புறைக்கு மாற்றிவிட்டால் தப்பும்.

6. போடும் நாள்

கூட்டம் குறைந்த காலை நேரம், ஹோஸ்டிங் நிறுவனத்தில் போன் எடுக்க ஆள் இருக்கும் வேலைநாள். தீபாவளி விற்பனைக்கும் பள்ளி அட்மிஷனுக்கும் முந்தின வாரம் வேண்டாம். பாதுகாப்புத் திருத்தம் என்றால் மட்டும் நாள் பார்க்காதீர்கள்.

பேக்கப் எடுங்கள். பிளகின்களை ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பிறகு முகப்பு, ஒரு பதிவு, தொடர்புப் படிவம் மூன்றையும் லாகின் செய்யாத வேறு பிரௌசரில் திறந்து பாருங்கள். கேஷ் பிளகின் (பக்கங்களின் பிரதியைச் சேமித்து வைத்து வேகமாகக் காட்டுவது) இருந்தால் முதலில் அதைக் காலிசெய்யாமல் பார்த்துப் பயனில்லை, பழைய பக்கமே வந்து ஏமாற்றும். படிவத்தில் ஒரு சோதனைச் செய்தி அனுப்பி, மின்னஞ்சல் வந்து சேர்கிறதா என்றும் பாருங்கள். வாரக்கணக்கில் வாடிக்கையாளர் கடிதம் வராமலிருப்பதுதான் யாரும் கவனிக்காத சேதம்.

வூகாமர்ஸ் என்ற கடைப் பிளகினில் ஓடும் கடை என்றால் கூடுதல் எச்சரிக்கை. அதன் சில அப்டேட்டுகள் டேட்டாபேஸையும் மாற்றும். பிறகு பிளகினை மட்டும் பழையதாக்கினால் போதாது, டேட்டாபேஸையும் திருப்ப வேண்டும். அப்படித் திருப்பினால் இடையில் வந்த ஆர்டர்கள் காணாமல் போகும். அந்த ஒரு மணி நேரம் கடையை மூடி வைப்பது மேல்.

7. உடைந்துவிட்டால்

பதறி எல்லாவற்றையும் அழுத்தாதீர்கள்.

பராமரிப்பில் இருக்கிறது, சிறிது நேரத்தில் வாருங்கள் என்ற ஒற்றை வரி நிற்கிறதா? அப்டேட் பாதியில் அறுந்திருக்கிறது. பத்து நிமிடம் பொறுங்கள், பெரும்பாலும் தானாக விலகிவிடும். விலகாவிட்டால் ஹோஸ்டிங் பேனலில் தளத்தின் மூலக் கோப்புறைக்குப் போய், புள்ளியில் தொடங்கும் மெயின்டனன்ஸ் என்ற கோப்பை நீக்குங்கள். புள்ளியில் தொடங்குவதால் அது மறைந்திருக்கும், மறைந்த கோப்புகளைக் காட்டு என்பதை முதலில் திறக்க வேண்டும்.

கடும் பிழை என்று வந்தால் நிர்வாகி மின்னஞ்சலைப் பாருங்கள். 2019-இல் வந்த 5.2 முதல், எந்தப் பிளகின் சாய்த்தது என்ற விவரத்தோடும் உள்ளே போக ஒரு தனி இணைப்போடும் கடிதம் வரும். மடல் வரவில்லை என்றால், பேனல் வழியாக, கடைசியாக அப்டேட் செய்த பிளகினின் கோப்புறைப் பெயரை மாற்றுங்கள். வேர்ட்பிரஸ் அதைக் காணாமல் முடக்கிவிடும், தளம் எழுந்துகொள்ளும். எது என்று தெரியாவிட்டால் பிளகின்கள் என்ற மொத்தக் கோப்புறைக்கே வேறு பெயர் வைத்துத் தொடங்குங்கள்.

பழைய பதிப்புக்குப் போக டபிள்யூபி ரோல்பேக் பிளகின் உதவும். ஆனால் அது தற்காலிகம்தான். எந்த இரண்டு பிளகினுக்குள் சண்டை என்று கண்டுபிடித்துத் தீர்க்கும்வரை மட்டுமே பழையதில் இருங்கள்.

8. செலவு, அப்புறம் அப்டேட்டே வேண்டாம் என்பவர்களுக்கு

வேர்ட்பிரஸும் அதன் அப்டேட்டும் இலவசம். காசு போவது மற்ற இடங்களில். ஹோஸ்டிங்கின் முதல் தவணைச் சலுகை விலையைப் பார்க்காதீர்கள், புதுப்பிக்கும் விலையைக் கேளுங்கள், அதன்மேல் 18% ஜிஎஸ்டி. கட்டணப் பிளகின்கள் பெரும்பாலும் வருடச் சந்தா. தீம்ஃபாரஸ்ட் என்ற இணையச் சந்தையில் வாங்கும் தீமுக்கு ஒருமுறை பணம், அப்டேட் தொடர்ந்து கிடைக்கும், உதவி மட்டும் ஆறு மாதம். இந்திய அட்டை வைத்திருப்போருக்கு ஒரு தொல்லை: 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் தானியங்கிப் பிடித்தம் பற்றிய விதி நடப்புக்கு வந்தபின், அதற்கு ஏற்பாடு செய்யாத வெளிநாட்டு நிறுவனங்களின் சந்தா தானாகப் புதுப்பிக்கப்படாது. புதுப்பிக்காத லைசென்ஸ் சத்தமில்லாமல் காலாவதியாகும். தேதிகளைக் கைப்பேசி நாள்காட்டியில் போட்டு வையுங்கள்.

ஆள் வைத்துப் பராமரிப்பதானால் ஒப்பந்தத்தில் இவை இருக்க வேண்டும்: பாதுகாப்புத் திருத்தம் எத்தனை மணி நேரத்துக்குள், பேக்கப் எங்கே, அதைத் திருப்பிப் போட்டுக் காட்டுவது எப்போது, உடைந்தால் சரிசெய்யத் தனிக் கட்டணமா? ‘எல்லாம் பார்த்துக்கொள்வோம் சார்’ என்ற வாய்வார்த்தைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

பணமும் இல்லை, ஆளும் இல்லை, தளத்தில் வருடத்துக்கு இரண்டு வரி மாறினால் அதிகம் என்றால், வேர்ட்பிரஸே உங்களுக்குத் தேவையில்லை. சிம்ப்ளி ஸ்டேடிக் போன்ற பிளகின் தளம் முழுவதையும் வெறும் எச்டிஎம்எல் பக்கங்களாக எடுத்துத் தரும். அவற்றை கிட்ஹப் பேஜஸ், கிளவுட்ஃபிளேர் பேஜஸ் போன்ற இடங்களில் இலவசமாகவே வைக்கலாம். அந்தப் பக்கங்களில் பிளகினும் டேட்டாபேஸும் இல்லை, அப்டேட் செய்யவும் ஒன்றுமில்லை. தேடல் பெட்டி, கருத்துரை, தொடர்புப் படிவம் வேலை செய்யாது, படிவத்துக்குப் பதில் தொலைபேசி எண்ணும் கூகுள் படிவமும் போட்டுக்கொள்ளலாம். அடிக்கடி எழுதுவீர்கள் ஆனால் பராமரிக்க முடியாது என்றால் பிளாகருக்கோ வேர்ட்பிரஸ்.காமுக்கோ போய்விடுங்கள், மென்பொருளை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

எந்த வழியில் போனாலும் பழைய சர்வரில் கிடக்கும் வேர்ட்பிரஸ் கோப்புகளையும் டேட்டாபேஸையும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு அழித்துவிடுங்கள். டெஸ்ட், ஓல்டு, நியூ2 என்ற பெயர்களில் யாரோ என்றோ போட்டுப் பார்த்த தளங்களும் அதே ஹோஸ்டிங்கில் தூங்கிக்கொண்டிருக்கும். இரண்டாம் படியில் நீங்கள் சப்டொமைனில் விரித்த நகலும் அந்தக் கணக்கில் சேர்த்திதான்.